கஸ்பார் பேசிய கட்டங்கள்

புதிய பதிப்பு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தபோது வாடைக்காற்று ஓய்ந்திருந்தது, கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை, உப்பளங்களில் பாத்தி மிதிக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், சங்குக் கிட்டங்கித் தெருவில் தட்டச்சுக்கும் ஜெராக்ஸுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் சேர்த்து ஒரே பலகை மாட்டியிருந்த அமலோற்பவத்தின் கடையில், கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள், பழையதை இனி நாங்கள் கவனிப்பதாக இல்லை என்றது அது. அவள் மூடினாள். மறுபடி வந்தது. மறுபடி மூடினாள். வேண்டாத விருந்தாளியை வாசலோடு பேசி அனுப்புகிற மாதிரி தினமும் அதை அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

ஊரில் பலபேர் சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினார்கள். அழுத்தியவர்கள் புதியவர்கள் ஆனார்கள், அழுத்தாதவர்கள் பழையவர்களாகவே இருந்தார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. புதியவர்கள் பேசியது பழையவர்கள் காதில் சொல்லாக விழாமல் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்ததுதான் ஊருக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

அமலோற்பவம் முதன்முதலில் பார்த்தது பக்கத்து பேக்கரி தேவசகாயத்தின் வாயிலிருந்து விழுந்ததைத்தான். பில் போடுகிற மிஷினை முந்தின நாள் மாற்றியிருந்தார். காலையில் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பொலபொலவென்று கட்டங்கள் மக்ரூன் தட்டில் விழுந்தன. சின்னச் சின்னதாக, கணவாய் மீன் ஓட்டின் வெள்ளை நிறத்தில், ஆறு பக்கமும் அடைத்து, எடுத்தால் எடையே இல்லாமல். "என்ன அண்ணாச்சி, மாத்திட்டியளா?" என்று அவள் கேட்டது அவருக்கு நன்றாகவே கேட்டது. பழையவர்கள் பேசியது புதியவர்களுக்கு எப்போதும் புரிந்தது, மறுபக்கம்தான் வழி அடைத்திருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு தட்டிலிருந்து கட்டங்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

ஊர் அதற்கு ஏற்றபடி நடந்துகொண்டது. மாதா கோயிலில் சாமியார் புதியவர் என்பதால், பிரசங்கம் முடிந்ததும் பாதிப்பேர் முழங்காலிட்டார்கள், பாதிப்பேர் மடியைத் தட்டிவிட்டு முழங்காலிட்டார்கள். ஒரு நிச்சயதார்த்தத்தில் பெண்வீட்டார் பழையவர்கள், மாப்பிள்ளைவீட்டார் புதியவர்கள். பெண்வீட்டார் கேட்டதெல்லாம் அங்கே புரிந்தது, பதில் மட்டும் இலைமேல் கட்டமாக விழுந்தது, எதிர்ப்பேச்சு இல்லாததால் காரியம் பந்தி பரிமாறுவதற்குள் முடிந்துவிட்டது. துறைமுகத்துத் தொழிலாளிகள் சைகையில் பாரம் இறக்கினார்கள். குழந்தைகள் கட்டங்களை நூலில் கோத்து மாலை போட்டுக்கொண்டார்கள், பெண்கள் தலையணைக்குள் திணித்துப் பார்த்துவிட்டு, படுத்தால் கீச்சுகீச்சென்று ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கிறது என்று திரும்பக் கொட்டினார்கள். கட்டம் உடையாது, எரியாது, நனைந்தால் ஊறாது. யாரிடம் சொன்னதோ அந்த ஆள் புதியவராக மாறினால் மட்டும் தானாகத் திறந்துகொள்ளும், மற்றவர் கையில் அது வெறும் கட்டம்தான். எதிர்வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்த ரெஜினா, தனக்கும் புதியவளாகிவிட்ட மாமியாருக்கும் இடையில் விழுந்தவற்றை மட்டும் தினமும் கூட்டிப்பெருக்கி வாசலில் குவித்துவிட்டு, "இந்தப் பதினாறு வருஷத்துல இப்பந்தாம்ட்டி வீடு வீடா இருக்கு" என்றாள்.

அமலோற்பவமும் சிரித்தாள். அவளுக்கு அதுவரை எதுவும் குறையவில்லை.

அவள் புருஷன் கஸ்பார் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் இருந்தான். வருஷத்தில் முக்கால்வாசி கடலில், மீதி வீட்டில். கப்பல் கரையோரம் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில், முதல் பூசை முடிந்து அவள் வந்து கடையைப் பாதி திறக்கும்போது, கம்ப்யூட்டரில் அவன் குரல் வரும். அவன் கடலில் இருக்கிற நாளெல்லாம் அது ஒன்றுதான் அவர்களுடைய குடித்தனம். அவன் இயந்திரத்தின் சூட்டைச் சொல்வான், கண்ட துறைமுகங்களைச் சொல்வான், அவள் தெருவைச் சொல்வாள், யார் பேச்சை யார் கேட்டாலும் இடையில் "ம்", "ம்" என்று கொட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு அழைப்பு வந்தது. "யாங்க, கேக்குதா?" என்றாள். ஒலிபெருக்கியின் வலைத்துளைகள் வழியே கட்டங்கள் கசிந்து விசைப்பலகைமேல் விழுந்தன.

அவள் கொஞ்சநேரம் அவற்றையே பார்த்தாள். கப்பல் கம்பெனி ஏதோ ஒரு துறைமுகத்தில் வைத்து எல்லோரையும் ஒட்டுமொத்தமாக மாற்றியிருக்கிறது என்று அவளாகவே புரிந்துகொண்டாள்.

"எனக்குக் கட்டமா விழுகுங்க" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். சிரிப்பு சிரிப்பாகவே வந்தது. இருமினான், அதுவும் வந்தது. பெருமூச்சும் "ம்" என்பதும் வந்தன, ஏனென்றால் அவை எந்தப் பதிப்பிலும் சொல் இல்லை. அன்றைக்கு அவள் பேசினாள், அவன் ம் கொட்டினான். பிறகு அவன் பேசினான், கட்டங்கள் விழ விழ அவள் ம் கொட்டினாள். முடிந்ததும் எல்லாவற்றையும் அள்ளி மடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், காலி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்தாள். மற்றவர் பேசிய கட்டங்களைப் போல அதைப் பெருக்கித் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற ஆன்ட்ரூஸ் வந்து பார்த்தான். அவனும் பழையவன்தான், ஊரையெல்லாம் மாற்றிவிட்டுத் தன்னை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தான், இல்லாவிட்டால் பாதி வாடிக்கையாளர்களோடு பேச முடியாது என்று.

"மாத்தலாம்க்கா. மிஷின் கொஞ்சம் திணறும், பிரிண்டரைப் புதுசுக்கு ஆள் அடையாளம் தெரியாது, அதை நான் எப்படியாவது சேத்துவச்சிருதேன். ஆனா ஒண்ணு. அண்ணன்கூட பேசுத இந்தப் பழைய புரோகிராம் புதுசுல உக்காராது. வேற ஒண்ணு வரும். இதுல சேந்திருக்க பழைய பேச்செல்லாம் போயிரும்."

"வேற எதுலயாவது எடுத்துவைக்க முடியாதா?"

"இதுக்குள்ள மட்டுந்தான் தொறக்கும். நானும் எல்லா வழியும் பாத்துட்டேன்."

"அப்ப வேண்டாம்" என்றாள் அமலோற்பவம்.

அந்தப் புரோகிராம் அவர்கள் பேசியதையெல்லாம் தானாகவே சேர்த்து வைத்திருந்தது. கல்யாணம் முடிந்து அவன் முதல் கப்பல் ஏறியதிலிருந்து எல்லாம் அதில் இருந்தது. மத்தியானத்தில் தெரு அடங்கி, ஜெராக்ஸ் எடுக்கக்கூட யாரும் வராத நேரத்தில், அவள் அதைத் திறந்து கேட்பாள். இளங்குரலில் கஸ்பார், "அமலி, இங்க ஒரு தெருவு முழுக்க ஆரஞ்சுத்தோலைக் காயப்போட்டிருக்காங்க, மணம் மூக்கைத் தொளைக்கு, நீ இருந்தா ஒரு பை நிறைய அள்ளியிருப்ப" என்பான். பறக்கோலா மீன்கள் கூட்டமாக மேல்தளத்தில் வந்து விழுந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பாட்டைப் பாதி பாடி, யாரோ வரவும் நிறுத்திவிடுவான். அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் விரல் தானாகவே பின்னால் தள்ளிப்போய் மறுபடியும் பாடவைக்கும். இவ்வளவையும் தொலைத்துவிட்டு வாங்குகிற புதுப்பேச்சு என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆகவே ஞாயிறுதோறும் கட்டங்கள் விழுந்தன. தேவசகாயம் உதவிக்கு வந்தார். அவருக்குக் கஸ்பார் பேசியது கேட்கும், ஆனால் அதைத் திருப்பிச் சொன்னால் அவர் வாயிலிருந்தும் கட்டம்தான் விழும், எழுதிக் காட்டினால் தாளிலும் கட்டம்தான் வரும். அதனால் நடித்துக் காட்டினார். பெரிய உடம்பை அலையைப் போல ஆட்டினார், நெற்றியைத் தொட்டுச் சுடுகிற மாதிரி கையை உதறினார், வயிற்றைத் தடவி முகத்தைச் சுளித்தார். அமலோற்பவத்துக்குக் கஸ்பாருக்குக் காய்ச்சலா, சமையல்காரன் மாறிவிட்டானா, புயலா என்று விளங்கவில்லை. ரெஜினா அவர் ஆடுவதைக் கஸ்பாருக்குச் சொல்லிச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அந்தப் பக்கம் கஸ்பாரும் முதலில் சிரித்தான். பிறகு வந்த ஞாயிறுகளில் அவன் சிரிப்பு குறைந்தது. பிறரை வைத்துக்கொண்டு பேச அவனுக்குப் பிடிக்கவில்லை என்று அமலோற்பவம் எண்ணிக்கொண்டு, தேவசகாயத்தை வரவேண்டாம் என்றாள்.

பிஸ்கட் டின் நிரம்பியது. அரிசி டின்னைக் காலிசெய்து அதில் போட்டாள். அதுவும் நிரம்பியது. பிறகு கட்டங்கள் குறையத் தொடங்கின. கை நிறைய விழுந்த இடத்தில் ஒரு பிடி விழுந்தது, பிறகு விரலால் பொறுக்குகிற அளவுக்கு விழுந்தது. அவள் தெருக்கதைகளைச் சொல்லிக்கொண்டே போனாள், அவன் மூச்சு மட்டும் வந்தது. வீட்டுக்கு வந்து, மத்தியானம் கடைக்குப் போய், ஆரஞ்சுத்தோலையும் பறக்கோலாவையும் கேட்டு மனதை ஆற்றிக்கொண்டாள்.

கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், கடையில் அவள் மட்டும் இருந்தாள். அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். வழக்கம்போல அவள் "ம்" என்றாள். அந்த "ம்" வாயைவிட்டுப் போனபிறகுதான் கட்டம் விழுந்தது. ஒரே ஒரு கட்டம், செங்கல் அளவுக்கு. ஒலிபெருக்கியின் வலையைக் கிழித்துக்கொண்டு வந்து மேசைக் கண்ணாடியைச் சிதறடித்து அங்கேயே உட்கார்ந்தது. அதன் பின்னால் சின்னதாக இன்னொன்று விழுந்தது. தொடர்பு அறுந்தது.

அவளால் அதைத் தூக்க முடியவில்லை. ரெஜினாவும் வந்து ஒரு கை கொடுத்தாள், அசையவில்லை. தேவசகாயமும் பேக்கரி ஆட்களும் வந்து முக்கினார்கள், மேசைதான் நகர்ந்தது, கட்டம் நகரவில்லை. தெருவே வந்து பார்த்தது. இவ்வளவு கனமான சொல்லை ஊரில் யாரும் கண்டதில்லை. யாராவது செத்திருப்பார்கள் என்றார் ஒருவர். அவனுக்கே என்னவோ என்று இன்னொருத்தி தொடங்க, ரெஜினா அவளை முறைத்து அனுப்பினாள். எல்லோரும் போனபிறகு அமலோற்பவம் அதன்மேல் கையை வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது.

மறுநாள் மத்தியானம் அவள் பழைய பேச்சைத் திறந்தாள். இளங்குரல் ஆரஞ்சுத்தோலின் மணத்தைச் சொன்னது, பாட்டைப் பாதி பாடியது, நிறுத்தியது. விரல் பின்னால் தள்ளப் போனது. பக்கத்தில் அந்தக் கட்டம் சுட்டுக்கொண்டே இருந்தது. பாடியவன் என்றைக்கோ பாடி முடித்துவிட்டான், இன்றைக்குப் பேசுகிறவன் இதற்குள் அடைபட்டுக் கிடக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. ஆன்ட்ரூஸை வரச்சொல்லி ஆளனுப்பினாள்.

அவன் மிஷினைத் தயார்செய்துகொண்டிருந்தபோது ரெஜினா வாசலில் வந்து நின்றாள்.

"இனிமே நீ பேசுனா எனக்குக் கட்டந்தானட்டி விழும்?"

"ஆமாட்டி."

"நான் மாறமாட்டேன். எங்க மாமியா பேச்சு எனக்குத் திரும்பக் கேக்க வேண்டாம்."

"தெரியும்."

"என்னமும் சொல்லணும்னா இப்பமே சொல்லிரு."

அமலோற்பவத்துக்கு எவ்வளவோ இருந்தது. பிள்ளை தங்காமல் போன இரண்டு தடவையும் கூடவே ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தவள் ரெஜினாதான். அதையெல்லாம் விட்டுவிட்டு, "தைக்கக் குடுத்த சட்டைக்குக் கை கொஞ்சம் நீளமா வையி" என்றாள்.

"நீளமாத்தான் வெட்டியிருக்கேன், போ" என்று ரெஜினா மூக்கைச் சீந்திக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள்.

அமலோற்பவம் பொத்தானை அழுத்தினாள். திரை இருண்டது, வட்டம் சுற்றியது, மிஷின் பிரசவவேதனைக்காரியைப் போல அனத்தியது. காத்திருக்கவும், அணைத்துவிட வேண்டாம் என்றது. அவள் காத்திருந்தாள். கடைசியில் வெளிச்சம் வந்தபோது எல்லாமே இடம்மாறி இருந்தன, நாத்தனார் வீட்டு அடுப்படியில் போய் உப்புப்புட்டியைத் தேடுகிற மாதிரி அவள் கண் அலைந்தது. பழைய புரோகிராம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அதே சமயத்தில் தேவசகாயம் பக்கத்துக் கடையிலிருந்து, "பால் பொங்குது, பாருங்கலே!" என்று கத்தியது சொல் சொல்லாக வந்து காதில் விழுந்தது.

ஆன்ட்ரூஸை வாசலோடு அனுப்பிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடி டின்களைத் தூக்கிவந்து கடைத்தரையில் கவிழ்த்தாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக மொட்டவிழ்வதுபோலத் திறந்தன. முன்பின் வரிசை இல்லாமல் கஸ்பாரின் குரல் கடை முழுக்க எழுந்தது. இளங்குரல் இல்லை அது. கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் தயங்கி, சொல்லுக்குச் சொல் நின்று யோசிக்கிற குரல். அவள் அதை இதற்குமுன் கவனித்துக் கேட்டதே இல்லை.

"அமலி, மாத்திட்டியா?" "முட்டங்கால்ல ஒரு வலி, ஏணி ஏற முடியல." "தேவசகாயத்துக்கிட்ட சொல்லு, எனக்கு ஆடத் தெரியும், அவரு ஆட வேண்டாம்." "இன்னும் மாத்தல போல. சரி, நான் பேசிட்டே இருக்கேன்." "மாத்திட்டியா?" "நேத்து நடுக்கடல்ல ஒரு ஒத்தைக் கொக்கு வந்து உக்காந்துச்சு, எங்கயிருந்து வந்துச்சோ." "கடைக்கு ஒரு நல்ல ஃபேன் போடு." "மாத்திட்டியா, அமலி?" "நீ பழைய பேச்சையே கேட்டுட்டு இருக்கன்னு ரெஜினா சொன்னதைத் தேவசகாயம் சொன்னாரு." "ஒண்ணுமில்ல."

எல்லாம் திறந்து ஓய்ந்தபிறகு அவள் மேசைக்குப் போனாள். அந்தப் பெரிய கட்டம் மற்றவைபோல மலரவில்லை, கதவு திறக்கிற மாதிரி மெதுவாகத் திறந்தது.

"அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துக் கேக்குறாங்க. போன தடவை வந்தப்ப உன் கடையில வந்து உக்காந்தேன். ஆள் வந்தா எந்திரிச்சேன், போனதும் உக்காந்தேன். வந்தவன்ல ஒருத்தன் மாதிரியே இருந்தேன். கரையில நான் எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியல. கப்பல்லயே இருந்துரட்டுமா, அமலி?"

அதன் பின்னால் விழுந்த சின்னக் கட்டம் "சரி" என்றது.

அவள் எதற்கு "ம்" சொன்னாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சிதறிய கண்ணாடிக்கு நடுவில் கையை ஊன்றி நின்றாள். போன விடுமுறையில் அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்ததும் எழுந்ததும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எழுந்தால் இடம் கிடைத்தது என்று வாடிக்கையாளரை உட்காரச் சொன்னவள் அவளேதான்.

கப்பல் கரைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஒரு ஞாயிறு வெறுமனே போனது, அடுத்ததும் போனது. மூன்றாவது ஞாயிறு அழைப்பு வந்ததும் எடுத்தாள். அந்தப் பக்கம் அவன் பேசவில்லை, பேசிப் பயனில்லை என்ற பழக்கத்தில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான்.

"மாத்திட்டேங்க" என்றாள்.

இயந்திரத்தின் உறுமல் மட்டும் வந்தது.

"எல்லாத்தையும் கேட்டேன். அன்னைக்கு நீங்க கேட்டது எனக்குக் கேக்கலங்க. பழக்கத்துல ம்னுட்டேன்."

"தெரியும்" என்றான் கஸ்பார். "உனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். கேக்குத மாதிரி இருந்தா, எனக்குக் கேக்கத் தைரியம் வந்திருக்காது. நீ சரின்னு சொல்லிட்டா என்ன செய்யுதது?"

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"தாளு இங்கதான் இருக்கு. பேனா ஓடல."

அமலோற்பவம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இப்பம் எனக்குக் கேக்கு" என்றாள். "இப்பம் கேளுங்க."

அவன் கேட்டான். சொல் பிசகாமல், கரகரத்த குரலில், அதே கேள்வியை முழுசாகக் கேட்டான். அவள் இந்தத் தடவை ம் கொட்டவில்லை. அவன் கேட்டு முடிக்கிறவரை பொறுத்திருந்து, "வேண்டாம், வந்துருங்க" என்றாள். "பழசெல்லாம் போயிருச்சு. எனக்குக் கேக்க வேற பேச்சு இல்ல."

கப்பல் கரையடைந்து, மாற்று ஆள் வந்து, அவன் இறங்கி வீடு வந்துசேர ஐப்பசி ஆகிவிட்டது. ஊரில் அப்போதும் பாதிப்பேர் பழையவர்களாகவே இருந்தார்கள், யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. அடைமழை கொஞ்சம் வெறித்த ஒரு முற்பகலில், தோளில் ஒரு பையோடு கஸ்பார் சங்குக் கிட்டங்கித் தெருமுனையில் வந்தான், முழங்கால் வலியில் ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு. அமலோற்பவம் மிஷினை அணைக்காமல், வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

அவர்கள் பேசத் தொடங்கினார்கள். தெருவில் நின்ற பழையவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க, இரண்டுபேர் வாயிலிருந்தும் கட்டங்கள் கொட்டின. இரண்டும் ஒரே சமயத்தில் கொட்டின, மழைத்தண்ணீரில் மிதந்தன, கணுக்கால்வரை குவிந்தன. மீன்வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார், அதற்குப் பின்னால் ஆட்டோக்கள் நின்றன, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. தேவசகாயம் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், கேட்டதும் பேக்கரிக்குள் போய் முகத்தைக் கழுவினார்.

ரெஜினா வழக்கம்போலத் துடைப்பத்தோடு பெருக்க வந்தாள். குவியலின் ஓரத்தில் நின்றாள். காலடியில் உருண்டுவந்த ஒரு கட்டத்தை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். அது தனக்குச் சொன்னது இல்லை என்று தோன்றியதும், விழுந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, தையல் மிஷினுக்குத் திரும்பிப் போனாள்.